கம்பத்துக்கு முதல் குடம்

உக்காருங்க அம்மிணி. கிணறு எங்கயும் ஓடிப் போயிராது. சாவி என் இடுப்புலதான் இருக்குது, இந்தா பாருங்க. திருப்பூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த வெய்யில்ல பெட்டியைத் தோள்ல மாட்டிட்டு வந்திருக்கறீங்க. தண்ணியைப் பரிசோதனை பண்ண வந்த புள்ளைக்குத் தண்ணி குடுக்காம அனுப்புனான்னு நாளைக்கு என்னைய ஒருத்தரும் பேசக் கூடாது.

ஏனுங்க மாமா, உள்ள கேன்ல இருந்து ஒரு டம்ளர் புடிச்சுட்டு வாங்க.

அவருதான் எங்க ஊட்டுக்காரரு, செல்லமுத்து. பேச மாட்டாரு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசமாச்சு. அவருக்கும் சேத்து நான் பேசிக்கறேன், எனக்கும் சேத்து அவரு பேசாம இருந்துக்கறாரு. குடும்பம் நல்லாத்தான் ஓடுது.

குடிங்க. கிணத்துத் தண்ணியாங்களா? அய்யோ, அது உங்களுக்கு எதுக்கு? புது ஊர்த் தண்ணி, ஒத்துக்காமப் போச்சுன்னா? அதுக்காகத்தான் கேன். வேற ஒண்ணுமில்ல. அப்படிப் பாக்காதீங்க.

மனு எழுதுனது யாருன்னு நீங்க சொல்லக் கூடாதுங்கறீங்க. சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். மரகதம். என் கொழுந்தன் அர்ச்சுனன் பொண்டாட்டி. அதா, அந்த ஓட்டு ஊடு தெரியுது பாருங்க, வேலிக்கு அக்கட்டால, அதுதான் அவ ஊடு. காடு தோட்டம் பங்கு பிரிச்சப்பக் கிணறு எங்க பக்கம் விழுந்துச்சு. அன்னைல இருந்து அவளுக்கு வயித்தெரிச்சல். அவங்களும் ஒரு கிணறு வெட்டிக்கிட்டாங்க, தண்ணியும் வந்துச்சு. ஆனா எந்தக் கிணறு வெட்டுனாலும் இந்தக் கிணறு ஆயிருமா?

நீங்க எந்த ஊரு? கடலூர்ப் பக்கமா? அப்ப உங்களுக்குக் கம்பம் தெரியாது. கேளுங்க, தெரிஞ்சாத்தான் இந்த மனு எதுக்கு வந்துச்சுன்னு புரியும்.

எங்க ஊர் மாரியாத்தாளுக்கு நோம்பி, அதாவது திருவிழா, சாட்டுனா, கோயில் முன்னால மூணு கவை இருக்கற வேப்பமரக் கெளையை வெட்டியாந்து நடுவாங்க. அதுதான் கம்பம். ஆத்தாளுக்குப் புருசன்னு சொல்றது. நோம்பி முடியற வரைக்கும் தெனம் வெடியால ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் மஞ்சத் தண்ணியும் வேப்பந்தழையுமாக் குடம் எடுத்துட்டுப் போய் அந்தக் கம்பத்து மேல ஊத்தணும். முதல் குடம் எங்க ஊட்டுது. இந்தக் கிணத்துத் தண்ணி. நாங்க ஊத்துன பொறவுதான் ஊரு ஊத்தும். நோம்பி முடிஞ்ச மூணாம் நாள் கம்பத்தைப் புடுங்கி மேளத்தோட கொண்டாந்து எங்க போடுவாங்க? இதே கிணத்துல. நான் இந்த ஊட்டுக்கு வந்த வருசத்துல இருந்து அந்த முதல் குடம் என் இடுப்புலதான். ஊருக்குள்ள துளசிமணின்னா யாருன்னு கேப்பாங்க, முதல் குடத்துக்காரின்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

நாளைக்கு வெடியால கம்பம் நடறாங்க. இன்னைக்கு நீங்க பாட்டிலோட வந்திருக்கறீங்க. இப்பப் புரியுதுங்களா?

போன செவ்வாக்கெழமை நோம்பி சாட்டுன அன்னைக்கு, கோயில் பெரியதனக்காரரு நடராசு ஊரே நிக்கறப்ப என்னையக் கூப்புட்டுச் சொல்றான். 'அக்கா, உங்க கிணத்தைப் பத்தி மனுப் போயிருக்குதாமா. உங்க கோழிப்பண்ணைக் கழிவு எறங்குதுன்னு பேச்சு. பரிசோதனை பண்ணி நல்ல தண்ணின்னு காயிதம் வந்தா ஒண்ணும் பிரச்சனை இல்ல. கெட்ட தண்ணின்னா ஆத்தாளுக்கு எப்படிக்கா ஊத்தறது? இந்த வருசம் மரகதம் ஊட்டுக் கிணத்துல எடுத்துக்கலாமே'ங்கறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'ஏன்டா நடராசு, சாட்டுக்கு முந்துன ஞாயித்துக்கெழமை தூக்குப்போசியோட கறிக்கடை முன்னால நின்னியே, அந்தக் கோழி எங்கிருந்து வந்துச்சு? மானத்துல இருந்து குதிச்சுச்சா? என் கொட்டாய்ல இருந்து போற லாரி நம்மூர்க் கடைல ரெண்டு கூடை எறக்கிட்டுத்தானடா மேல போகுது? ஊருல ஒருத்தன் பாக்கியில்லாம ஒக்காந்து எலும்பைக் கடிப்பீங்க. ஈ மட்டும் துளசிமணியோடது, நாத்தம் மட்டும் துளசிமணியோடது. நோம்பிக்குப் பதினஞ்சு நாள் கறி திங்காம வாயைக் கட்டுனதும் எல்லாத்துக்கும் ஞாயம் பொறந்துருச்சா?'ன்னு கேட்டேன்.

அத்தோட உட்டிருக்கலாம். நாக்குல சனி. கோயிலைப் பாத்துத் திரும்பி நின்னு ஆணை போட்டுட்டேன். 'இந்த ஊர்ல கறி திங்காத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, என் முன்னால வந்து நின்னு, உன் பண்ணையால கிணறு கெட்டுப் போச்சுன்னு சொல்லட்டும். நான் பண்ணையைப் பூட்டி, சாவியைக் கொண்டாந்து கம்பத்துல கட்டறேன். ஆத்தா மேல ஆணை'ன்னேன். யாரு வருவா? மொட்டைப் பாட்டன்ல இருந்து பல்லு மொளைக்காத புள்ளை வரைக்கும் கறித் தண்ணி குடிச்ச ஊரு. மரகதம் எம்மூஞ்சியப் பாத்தா, கீழ குனிஞ்சுக்கிட்டா. இவரு அங்கதான் நின்னாரு, துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சுட்டு, எனக்கு முன்னாலயே ஊட்டுக்கு வந்துட்டாரு. வெய்யில் ஆகறதில்ல அவருக்கு.

மரகதத்துக்கு என்ன கோவம்னு கேக்கறீங்களா? ஈ. அவ மகளுக்கு மாசில நிச்சயம் பண்ணுனாங்க. மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை அம்பது பேரு பந்தில உக்காந்தாங்க. எலை போட்டாங்க. பச்சை எலை கருப்பு எலை ஆயிருச்சு. பாயசத்துல ஈ, பருப்புல ஈ. மாப்பிள்ளையோட அப்பா சோத்துல கை வெக்காம எந்திரிச்சுட்டாரு. அன்னைக்குத்தான் கொட்டாய்ல கோழி புடிச்சு முடிச்சு எருவை வெளிய தள்ளியிருந்தோம், நான் என்ன நாள் பாத்தா பண்ணுனேன்? லாரி வந்த நாள். மரகதம் பந்தி நடுவுல நின்னுட்டு என்னையவே பாத்தா. ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், சரியாப் போயிருக்கும். பேசாதவங்களோட எப்படிங்க சண்டை போடறது? ஈ எல்லா ஊர்லயும்தான் இருக்குது. என் பேரைச் சொல்லிட்டா பறக்குது?

ஆமாங்க, ரெண்டு கொட்டாய். அஞ்சாயிரம் கோழி. கம்பெனிக்காரன் குஞ்சும் தீனியும் மருந்தும் குடுப்பான். கொட்டாயும் தண்ணியும் பாடும் நம்முளுது. நாப்பது நாள்ல குஞ்சு கோழியாயிரும், லாரி வந்து அள்ளிட்டுப் போயிரும். பொறவு கொட்டாயைச் சுத்தம் பண்ணி அடுத்த குஞ்சு. மழை பொய்ச்சு மக்காச்சோளம் நின்னபடியே கருகுன வருசம் இதை ஆரம்பிச்சோம். இந்தக் கோழிதான் என் மகளைக் கோயமுத்தூர் காலேஜ்ல படிக்க வெச்சுச்சு. அவ படிச்சுட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கறா. 'அம்மா, ஒரு கிலோ கறிக்கு எத்தனை தண்ணி செலவாகுது தெரியுமா? கோழி குடிக்கறது மட்டுமில்ல. அது திங்கற சோளம் எந்த ஊர்ல வெளைஞ்சுதோ அந்த ஊர்த் தண்ணியும் கறிக்குள்ளதான் இருக்குது'ங்கறா. இருக்கட்டும்! அந்த ஊர்க்காரன் வந்து கேக்கட்டும், சொல்றேன். மாடு ஏப்பம் உட்டாலும் மானம் சூடாகுதாமா. பொழுதன்னைக்கும் காரையும் லாரியையும் ஓட்டிட்டு, மாட்டோட ஏப்பத்தை அளக்கறீங்களே, ஞாயமா இருக்குதா? சிரிக்கறீங்க. நீங்களும் கறி திம்பீங்கதானே? பாருங்க, தலையக் குனிஞ்சுட்டீங்க.

நான் பிராய்லர் திங்கறதில்ல. அது வேற. நமக்கு நாட்டுக் கோழிதான், ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில நாலு மேயுது பாருங்க. இவரு அதையும் திங்கறதில்ல. ரெண்டு வருசமாப் பித்தம்ங்கறாரு. கறிக்கொழம்பு கொதிச்சாலே எந்திரிச்சுக் காட்டுப் பக்கம் போயிருவாரு. விருந்துக்குப் போனா எலைல வாங்கி, தெரியாம எங்கிட்டத் தள்ளி உட்டுருவாரு. வைத்தியர்கிட்ட வாங்கன்னாலும் வர்றதில்ல.

சரி, சரி, போலாம். கோழி எருவைக் குவிக்கற எருமேடு எங்கன்னு கேட்டீங்கதானே. அது கிணத்துல இருந்து நூறடி தள்ளி இருக்குது. காகிதத்துல நூறடின்னே எழுதிக்குங்க.

கோழிக்கு எந்தத் தண்ணியா? அது போர்த் தண்ணி. தொள்ளாயிரம் அடி. முன்னாலயெல்லாம் கிணத்துத் தண்ணிதான் குடுத்தோம். கம்பெனில இருந்து சூப்பர்வைசர் ஒருத்தன் வருவான், சின்னப் பையன், கண்ணாடி போட்டிருப்பான். ஒருக்கா தண்ணியைக் கொண்டு போய்ப் பாத்துட்டு, 'அக்கா, இதைக் குஞ்சுக்குக் குடுக்காதீங்க, கழியும்'னான். அவங்க கோழி, அவங்க இஷ்டம். போர் போட்டு, அதுலயும் மருந்து கலந்துதான் குடுக்கறோம். கம்பெனிக் குஞ்சு நம்ம புள்ளைங்களை விடச் சொகுசு. அவனுங்க அப்படித்தான், எடுத்ததுக்கெல்லாம் குத்தம் சொல்லுவானுங்க. அதுக்காகக் கிணறு கெட்டதுன்னு ஆயிருமா?

நாங்களா? நாங்க கேன் தண்ணிதான். இப்ப எல்லாரும் கேன்தானே குடிக்கறாங்க, நாங்க மட்டுமா? கிணத்துத் தண்ணி தென்னைக்குப் பாயுது. பொறவு ஆத்தாளுக்கு.

ஏன் அம்மிணி எழுதறதை நிறுத்திட்டீங்க?

பாருங்க, நான் ஒளிவு மறைவு இல்லாதவ. உங்களைப் பாத்தா என் மக மாதிரி இருக்குது, அதனால சொல்றேன். போன வருசம் முதல் குடத்துக்கு வெடியாலயே வந்து சேந்துனேன். தண்ணி பச்சையா வந்துச்சு. ஒரு வாடை. மேல நுரை. ஆத்தாளுக்கு இதையா ஊத்தறதுன்னு மனசு கேக்கல. தென்னை மரத்துக்குக் கீழ கவுத்துட்டு, ஊட்டுக்குள்ள போய்க் கேன்ல இருந்து குடத்தை நெறைச்சேன். மஞ்சத் தூள் போட்டுட்டா எல்லாத் தண்ணியும் ஒரே நெறம்தானுங்களே. இடுப்புல வெச்சுட்டு மேளத்தோட போனேன், ஊத்துனேன். ஆத்தா ஒண்ணும் சொல்லல. அந்த வருசம் மழைகூட நல்லாப் பேஞ்சுது. என்ன, அந்த மழைக்கு எருமேடு கொஞ்சம் கரைஞ்சு கெழக்கால ஓடிருச்சு. கிணறு கெழக்காலதான் இருக்குது. ஆனா ஓடுன தண்ணியெல்லாம் கிணத்துக்குள்ளதான் போச்சுன்னு யாரு பாத்தா? அதுதான் அம்பதடி இருக்குதே நடுவுல.

நூறடின்னா சொன்னேன்? மேட்டோட அந்தக் கோடில இருந்து அளந்தா நூறு வரும்.

எப்படிப் பாத்தாலும், ஆத்தாளுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தியிருக்கறேன். அதுல என்ன தப்பு? அதனாலதான் சொல்றேன், நீங்க கெணத்து மேட்டு வரைக்கும் வெய்யில்ல நடக்க வேண்டாம்னு நானே ஒரு பாட்டில் மோந்து மூடி வெச்சிருக்கறேன். சன்னல்ல இருக்குது. எடுத்துட்டுப் போயிருங்க. யாரு பாக்கப் போறா?

கூடாதா? நீங்களே மோக்கணுமா? வாங்க அப்ப. பயந்தவ மாதிரியா இருக்கறேன்? செருப்பைப் போட்டுக்குங்க, முள்ளு கெடக்கும். ஏனுங்க, நீங்களும் வாங்க, கிணத்து மேல போட்டிருக்கற அந்தக் கம்பிக் கதவைத் தூக்கறதுக்கு ஒரு கை வேணும்.

திருப்பூர்ன்னதும் ஞாபகம் வருது. போன மாசம் ஒரு திங்கக்கெழமை இவரு சலவை வேட்டி கட்டிட்டுத் திருப்பூர் போனாரு. மோட்டாருக்குப் பெல்ட் வாங்கறக்குன்னாரு. பொழுதுக்கும் அலைஞ்சுட்டு வெறுங்கையோட வர்றாரு. கடை பூட்டியிருந்துச்சாமா. அத்தனை பெரிய ஊர்ல ஒரே ஒரு பெல்ட்டுக் கடையா இருக்குது? சாமர்த்தியம் அவ்வளவுதான். நான் இல்லாட்டி இந்த மனுசன் என்ன பண்ணுவாருன்னு நெனச்சுப்பேன்.

இந்தக் குழியா? மேல கொஞ்சம் தாந்திருக்குது, காலை வெக்காதீங்க, சுத்தி வாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால சித்திரைல ஒரு நாள் காலைல போன கரண்டு மத்தியானம் வரைக்கும் வரல. கொட்டாய்க்குள்ள காத்தாடி நின்னு போச்சு. லாரி வர ரெண்டு நாள் இருக்குது, கோழி எல்லாம் முழு எடை. வாயைப் பொளந்துட்டுச் சரிஞ்சு சரிஞ்சு விழுகுது. அறுநூறு கோழி அம்மிணி. தண்ணி அடிச்சுப் பாத்தோம், சாக்கை நனைச்சுத் தொங்க உட்டோம். ஒண்ணும் நிக்கல. கம்பெனில கேட்டா, தூரமாக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கன்னான். எங்க வெட்டறது? காடு பூராப் பாறை. கடப்பாரை போட்டா நெருப்புத்தான் பறக்கும். கிணறு வெட்டுன மண்ணைக் கொட்டுன எடம் இது ஒண்ணுதான் மெதுவா இருந்துச்சு. இவருதான் வெட்டுனாரு. இவருதான் கூடைல அள்ளியாந்து போட்டாரு. நான் இன்னொரு கொட்டாய்ல தண்ணி அடிச்சுட்டு இருந்தேன். வந்து பாத்தா, மூடி முடிச்சுட்டு மம்முட்டியைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. சிலதுக்கு உசுரு இருந்துச்சுன்னாரு. சோறு வேண்டாம்னாரு. அன்னைக்குத்தான் அந்தப் பித்தம் ஆரம்பிச்சுது.

ஆமா, கிணறு பக்கம்தான். எட்டிக் கையை நீட்டுனாக் கெணத்துச் சொவரு. அதுக்கென்ன? மண்ணுக்குள்ள போனது மண்ணாத்தானே போகும்?

இந்தா, சாவி. இது கொட்டாய்ச் சாவி, இதுதான் கெணத்துச் சாவி. தூக்குங்க மாமா. ம். பாருங்க அம்மிணி, நல்லாப் பாருங்க. எத்தனை ஆழம், எப்படித் தண்ணி நிக்குது. இந்தக் கிணத்தையா கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க! இருங்க, நானே சேந்தறேன். இருபத்தெட்டு வருசமாச் சேந்தற கை.

என்ன கேட்டீங்க? மெதுவாக் கேக்கறீங்க, காதுல விழுகல. நான் குடிப்பனான்னா?

என்ன கேள்வி இது. மூக்கை மூடிட்டுக் கேக்கறீங்க. இது என் கிணறு. என் தண்ணி. நான் எதுக்குக் குடிக்கக் கூடாது? பாருங்க, சொம்புல மோக்கறேன். உங்க கண்ணு முன்னால குடிக்கறேன். பொறவு உங்க காகிதத்துல எழுதிக்குங்க, இந்த ஊட்டுக்காரி குடிச்சா, குத்துக்கல்லாட்டம் நின்னான்னு. மனு எழுதுன மகராசியும் வேலிக்கு அக்கட்டால நின்னு பாக்கட்டும். மரகதம்! ஏ மரகதம்! வந்து பாரு!

விடுங்க மாமா. கையை விடுங்க. புள்ளை முன்னால என்ன இது, சொம்பைப் புடுங்கிட்டு? ஊத்தாதீங்க! எதுக்கு இப்பக் கீழ ஊத்துனீங்க?

என்ன சொன்னீங்க?

சத்தமாச் சொல்லுங்க. இந்த அம்மிணிக்கும் கேக்கட்டும்.

கேட்டீங்களா அம்மிணி? 'குடிக்காத துளசி, மனு எழுதுனது மரகதம் இல்ல, நான்'ங்கறாரு. உங்க பைல இருக்கற காகிதத்துல எழுதியிருக்கறது இவரு பேரா? செல்லமுத்துன்னு இருக்குதா? தலையை ஆட்டுறீங்க. இத்தனை நேரமும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. நான் மரகதம் மரகதம்னு பேசறப்ப நீங்க எழுதாமக் கேட்டுட்டு இருந்தீங்க.

திங்கக்கெழமை. கலெக்டர் ஆபீசுல மனு வாங்கற நாளு. சலவை வேட்டி கட்டிட்டுப் போனீங்களே மாமா. நானும் எண்ணெய் வெச்சுச் சீவி உட்டு அனுப்புனனே.

எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க கேடு? ஒரே ஊட்டுல, ஒரே எடத்துல குந்திட்டு, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லாம ஊரு தாண்டிப் போய் எழுதிக் குடுத்திருக்கறீங்க. என்ன? மூணு தடவை சொன்னீங்களா? எருமேட்டை மாத்தோணும்னு ஒருக்கா. குழி வெட்டுன மக்யா நாள், வெடிஞ்சதும் ஒருக்கா. போன நோம்பி அன்னைக்கு, நான் கேன்ல நெறைக்கறப்ப, பக்கத்துல நின்னு ஒருக்கா.

நான் என்ன சொன்னேன்?

பேசிட்டே இருந்தேனாமா அம்மிணி. அவரு சொன்னது எனக்குக் கேக்கவே இல்லியாமா. 'நான் சொன்னா உனக்குக் கேக்காது, வெளியாள் பாட்டிலோட வந்து சொன்னாக் கேப்பியோன்னு நெனச்சேன்'ங்கறாரு.

அப்ப அந்தப் பித்தம்? பித்தம் இல்லீங்களா?

பாருங்க அம்மிணி, கூத்தைப் பாருங்க. கறி திங்காத ஒரே ஒரு ஆளு வந்து சொல்லட்டும்னு ஊரைக் கூட்டி வெச்சு ஆணை போட்டேன். ஒருத்தனும் இல்லைன்னு நெஞ்சை நிமுத்திட்டு வந்தேன். அந்த ஒரு ஆளு ரெண்டு வருசமா எம்பக்கத்து எலைல உக்காந்திருந்திருக்கறாரு. என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கு மூஞ்சியத் தொடச்சுட்டு வந்துட்டாரு.

இல்ல மாமா. போகாதீங்க. ஆணை ஆணைதான். நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கறவ இல்ல. என் முன்னால வந்து நில்லுங்க. சொல்லுங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க, ஆத்தா கேக்கட்டும்.

'நம்ம பண்ணையால நம்ம கிணறு கெட்டுப் போச்சு துளசி.'

உன் பண்ணைன்னு சொல்லச் சொல்லித்தான் அன்னைக்கு ஆணை போட்டேன். நம்ம பண்ணைங்கறாரு இந்த மனுசன்.

நான் ஒண்ணும் அழுகல. வெய்யிலு கண்ணுல படுது. இப்படிக் குடுங்க அந்தப் பாட்டிலை. நீங்களேதான் மோக்கணும்னு சட்டமா இருந்தா, வாளியை நான் சாய்ச்சுப் புடிக்கறேன், நீங்க புடிச்சுக்குங்க. கழுத்து வரைக்கும் நெறையட்டும். நுரையையும் சேத்துப் புடிங்க, அதையும் பாக்கட்டும். எருமேட்டுக்குத் தூரம் எழுதுனீங்களே, அதை அடிச்சுட்டு நாப்பதுன்னு எழுதுங்க. குழிக்கு ஆறடி. நானே அளந்து சொல்றேன்.

கொட்டாயை இன்னைக்கே பூட்ட முடியாது. அஞ்சாயிரம் உசுரு உள்ள நிக்குது, அதுகளுக்குத் தண்ணி காட்டோணும். நோம்பி முடிஞ்ச மக்யா நாள் லாரி வருது. ஊரே அன்னைக்குத்தான் வாயைத் தொறக்கும், நம்ம கோழிதான் எல்லாத்தோட சட்டிலயும் கொதிக்கும். அதுதான் கடைசி. லாரி போனதும் பூட்டறேன். பூட்டிப்போட்டு என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. கம்பத்தைக் கொண்டாந்து இந்தக் கிணத்துல போடறதுக்குள்ள சாவியைக் கட்டியிருப்பேன், நீங்க வேணா வந்து பாருங்க.

ஆனா ஒண்ணு. உங்க காகிதத்துல என் பேரை மொதல்ல எழுதுங்க. துளசிமணி, நொச்சிக்காட்டுப்புதூர்னு தெளிவா எழுதுங்க, எனக்கு ஒளிக்கத் தெரியாது. அதுக்குக் கீழ நெறைய எடம் உட்டு வெய்யுங்க. நடராசு பேரு வரணும். ஞாயித்துக்கெழமை தூக்குப்போசி தூக்கிட்டு நின்ன ஒவ்வொருத்தன் பேரும் வரணும். தலையக் குனிஞ்சீங்களே, உங்க பேரையும் எழுதுங்க அம்மிணி. கிணறு என்னோடது. அதுல எறங்குனது எல்லாத்தோடதும். மரகதம் பேரை மட்டும் எழுத வேண்டாம். அவளை இன்னைக்கு நெறையப் பேசிப்போட்டேன். நாளைக்குக் குடத்தைத் தூக்கிட்டு அவ ஊட்டு வாசல்ல போய் நிக்கோணும், தண்ணி குடுடின்னு. அதுக்கு என்ன மூஞ்சியை வெச்சுக்கறதுன்னு இனித்தான் யோசிக்கோணும்.

மூடியை நல்லாத் திருகுங்க. ஐஸ்ல வெக்கணுமா? வெய்யுங்க.

ஏனுங்க மாமா, இந்த அம்மிணியைப் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வண்டில கொண்டு போய் உட்டுட்டு வாங்க. மெதுவா ஓட்டுங்க. இந்த வருசம் நம்ம கிணத்து முதல் குடம் அந்தப் பெட்டிலதான் போகுது.